0.75: வால்கர்ட்டன் குழாய்நீரில் நடந்தது

2000-ஆம் ஆண்டு மே 13, சனிக்கிழமை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வால்கர்ட்டன் என்ற சிற்றூர். ஊருக்குத் தண்ணீர் கொடுக்கும் 5-ஆம் எண் கிணற்றின் அன்றாடப் பதிவுத்தாளில், எஞ்சிய குளோரின் என்ற கட்டத்தில் 0.75 என்று எழுதப்பட்டது. லிட்டருக்கு 0.75 மில்லிகிராம். ஞாயிற்றுக்கிழமையும் அதே 0.75, திங்கட்கிழமையும் அதே 0.75. மூன்று நாளும் ஒருவரும் அளந்து பார்க்கவில்லை. அளந்திருந்தால் பூஜ்யமோ, பூஜ்யத்தை ஒட்டிய ஏதோ ஒன்றோ வந்திருக்கும்.

அடுத்த சில வாரங்களில் அந்த ஊரில் 7 பேர் இறந்தார்கள், 2,300-க்கு மேற்பட்டவர்கள் நோயில் விழுந்தார்கள். ஊரின் மக்கள்தொகையே சுமார் 4,800தான்.

கனடாவின் குடிநீர் வரலாற்றை வால்கர்ட்டனுக்கு முன், பின் என்று பிரித்துப் பேசுவார்கள். இதை வெறும் இரண்டு சோம்பேறி ஊழியர்களின் கதையாகச் சுருக்கிவிடுவது எளிது. அன்றைய செய்திகள் பலவும் அப்படித்தான் சுருக்கின. நீதிபதி டென்னிஸ் ஓ'கானர் ஒன்பது மாதங்கள் சாட்சியம் கேட்டு எழுதிய விசாரணை அறிக்கை அப்படிச் சுருக்கவில்லை. அந்தப் பொய் எண்ணை எழுதியவர்களைக் கடந்து, அதை வருடக்கணக்கில் பார்த்துவிட்டுத் தாளைப் புரட்டிப் போனவர்கள் வரைக்கும் அது போகிறது. எனக்கு முக்கியமாகப் படுவதும் அந்த இரண்டாவது பகுதிதான்.

ஐந்தாம் எண் கிணறு

டொராண்டோவிலிருந்து வடமேற்கே காரில் இரண்டு, இரண்டரை மணி நேரம் போனால் வால்கர்ட்டன். சுற்றிலும் வயல்கள், மாட்டுப் பண்ணைகள். 2000-இல் ஊர்க் குழாய்களுக்கு 5, 6, 7 என்று எண்ணிட்ட மூன்று கிணறுகளிலிருந்து தண்ணீர் வந்தது. கிணறு என்றால் நம் போர்வெல் மாதிரியானவை. பொதுப் பயன்பாட்டு ஆணையம் என்ற உள்ளூர் அமைப்பு அவற்றை நடத்தியது.

5-ஆம் கிணறு 1978-இல் தோண்டப்பட்டது. அதன் மேலே இருந்த மண் போர்வை சுமார் 2.5 மீட்டர்தான். உறைக்குழாய் 5 மீட்டர் ஆழம் வரைதான் இறக்கப்பட்டது. தண்ணீர் வந்ததோ 5 முதல் 8 மீட்டருக்குள் இருந்த வெடிப்பு விழுந்த சுண்ணாம்புப் பாறையிலிருந்து. மழைநீர் மண்ணுக்குள் மெல்ல இறங்கி, நாட்கணக்கில் வடிகட்டப்பட்டுக் கீழே போவதுதான் நிலத்தடி நீரின் பலம். இங்கே அந்த வடிகட்டலுக்கு இடமே இல்லை. மேலே விழுந்தது வெடிப்பு வழியாக நேரே இறங்கிவிடும்.

இது யாருக்கும் தெரியாத இரகசியமாகவும் இல்லை. தோண்டியபோது நடந்த பம்ப் சோதனையிலேயே மலக் கோலிஃபார்ம், அதாவது மலம் கலந்ததைக் காட்டும் பாக்டீரியா, தென்பட்டது. அருகிலுள்ள நிலத்தைக் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆய்வு செய்த நிபுணர் ஊருக்கு எழுதிக் கொடுத்தார். மாகாணச் சுற்றுச்சூழல் அமைச்சகமோ கிணற்றை இயக்குவதற்கு எந்த நிபந்தனையும் விதிக்காமல் அனுமதி கொடுத்துவிட்டது. கிணற்றுக்குப் பக்கத்திலேயே ஒரு மாட்டுப் பண்ணை இருந்தது.

2000-ஆம் ஆண்டு ஏப்ரல் கடைசியில் அந்தப் பண்ணையின் வயலில் எரு போட்டார்கள். மே 8 முதல் 12 வரை ஐந்து நாளில் 134 மில்லிமீட்டர் மழை. அதில் 70 மில்லிமீட்டர் 12-ஆம் தேதி மட்டும் கொட்டியது. எருவிலிருந்த ஈ.கோலை ஓ157:எச்7, காம்பிலோபாக்டர் ஜெஜுனி ஆகிய இரண்டு பாக்டீரியாக்கள் மழைநீரோடு இறங்கிக் கிணற்றுக்குள் வந்தன. பின்னர் மரபணுப் பரிசோதனையில் பண்ணைக் கிருமியும் நோயாளிகளின் கிருமியும் ஒத்துப்போயின. பண்ணைக்காரர் மேல் தவறில்லை, வழக்கமான நல்ல முறைப்படிதான் எரு போட்டார் என்று ஓ'கானர் தெளிவாகவே எழுதினார். எரு போடாத விவசாயம் ஏது? அந்த இடத்தில் அப்படி ஒரு கிணறு இருந்ததுதான் கோளாறு.

எஞ்சிய குளோரின் சொல்லும் சேதி

தண்ணீரில் குளோரின் போட்டால் அது முதலில் அங்கே இருக்கும் அழுக்கோடும் கிருமிகளோடும் வேலை செய்து செலவாகிறது. அந்தச் செலவு போக மீதம் நிற்பதுதான் எஞ்சிய குளோரின். மாதச் சம்பளத்தில் கடன்காரர்களுக்கெல்லாம் கொடுத்தது போகக் கையில் நிற்கும் காசு மாதிரி. சம்பளம் மாறாமல் இருக்க, ஒரு மாதம் கையில் ஒன்றும் நிற்கவில்லை என்றால் அந்த மாதம் கடன் ஏறிவிட்டது என்று அர்த்தம். அதே போல, போடும் குளோரின் அளவு மாறாமல் இருக்க, மீதம் திடீரென்று காணாமல் போனால் தண்ணீருக்குள் ஏதோ புகுந்துவிட்டது என்று அர்த்தம். லேப் சோதனை முடிவு வர இரண்டு நாள் ஆகும். இந்தச் சோதனைக்குச் சில நிமிடம் போதும். மாதிரித் தண்ணீரில் மருந்தைப் போட்டு நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் சின்ன வேலை.

ஒன்டாரியோ விதிப்படி, பதினைந்து நிமிடம் குளோரினோடு கலந்து நின்ற பிறகும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் எஞ்சியிருக்க வேண்டும். வால்கர்ட்டனில் வருடக்கணக்கில் அதற்குக் குறைவாகவே போட்டார்கள். தண்ணீரில் மருந்து வாடை அடிக்கிறது என்று ஊர்க்காரர்கள் குறை சொல்வார்கள். பிளீச்சிங் பவுடர் வாடை வந்தால் முகம் சுளிப்பதில் ஊருக்கு ஊர் வித்தியாசம் கிடையாது போலும். மேலாளர் ஸ்டான் கோபெலும், அவர் தம்பியும் மேற்பார்வையாளருமான ஃபிராங்க் கோபெலும் நல்ல கிணற்றுத் தண்ணீருக்கு இவ்வளவு குளோரின் தேவையில்லை என்றே நம்பினார்கள். குளோரின் போடாத கிணற்று நீரைத் தாங்களே குடித்துவந்தார்கள்.

அந்த நம்பிக்கையால்தான் தினசரி அளவை வெறும் சடங்கு ஆனது. பெரும்பாலான நாட்களில் அளக்காமலேயே கணக்குக்கு ஒரு எண்ணை எழுதினார்கள். 0.5, இல்லாவிட்டால் 0.75. வாராந்திர மாதிரிகளிலும் இதே கதைதான். ஊரின் வெவ்வேறு இடங்களில் எடுத்ததாக லேபிள் ஒட்டுவார்கள், பல பாட்டில்களைக் கையருகே இருந்த குழாயிலேயே பிடித்துவிடுவார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். உண்மையான தண்ணீர் தினமும் ஒரே எண்ணைத் தராது. மழை பெய்தால் மாறும், பம்ப் ஓடும் நேரம் மாறினால் மாறும், மருந்துக் கரைசல் பழசானால் மாறும். அளந்து எழுதிய பதிவேடு 0.42, 0.61, 0.38 என்று மேலும் கீழுமாகத்தான் இருக்கும். மாதக்கணக்கில் இரண்டே எண்கள் மாறி மாறி வரும் தாளைத் தொழில் தெரிந்த ஒருவர் பத்து வினாடி பார்த்தால் போதும், இது மேசையில் உட்கார்ந்து எழுதியது என்று தெரிந்துவிடும். அமைச்சக ஆய்வாளர்கள் 1991, 1995, 1998 என்று மூன்று முறை வால்கர்ட்டனுக்கு வந்துபோனார்கள்.

மே 15 முதல் 23 வரை

மே 15, திங்கள். வெளியூர் மாநாட்டுக்குப் போயிருந்த ஸ்டான் கோபெல் திரும்பி வந்து 7-ஆம் கிணற்றை இயக்கினார். அதில் குளோரினேட்டர், அதாவது தண்ணீரில் குளோரின் கலக்கும் கருவி, இல்லை. புதிய கருவி வந்து இறங்கியும் பொருத்தப்படாமல் கிடந்தது. அன்று எடுத்த மாதிரிகள் தனியார் லேப் ஒன்றுக்குப் போயின. மே 17, புதன்கிழமை ஃபேக்ஸில் முடிவு வந்தது. கோலிஃபார்ம் இருக்கிறது, ஈ.கோலை இருக்கிறது. அந்தத் தாள் மேலாளரிடமே நின்றுவிட்டது.

மே 18-இல் ஊருக்குள் வயிற்றுப்போக்கும் வயிற்றுவலியும் தலைகாட்டின. சில குழந்தைகளுக்கு மலத்தோடு இரத்தம் போனது. ஓவன் சவுண்ட் நகர மருத்துவமனைக்கு அடுத்தடுத்து இரண்டு வால்கர்ட்டன் குழந்தைகள் வந்தார்கள். அவர்களைப் பார்த்த குழந்தை மருத்துவர் கிரிஸ்டன் ஹாலெட்டுக்கு ஈ.கோலையாக இருக்குமோ என்ற சந்தேகம் எழுந்தது. முடிவுக்குக் காத்திருக்காமல் மே 19 அன்றே வட்டாரச் சுகாதார அலுவலகத்துக்குப் போன் செய்தார். இந்தக் கதையில் யாருக்காவது ஒரு வணக்கம் வைக்க வேண்டுமென்றால் நான் அவருக்குத்தான் வைப்பேன்.

சுகாதார அலுவலகம் தண்ணீர் மேலாளரைக் கேட்டது. தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். இரண்டு நாளுக்கு முன் வந்த ஃபேக்ஸ் அவர் கையில் இருந்தது. பேசி முடித்த கையோடு குழாய்களைக் கழுவிவிடவும், குளோரினை அள்ளிப் போடவும் தொடங்கினார். அதாவது, அவருக்கே நம்பிக்கை இல்லை. மறுநாளும் கேட்டார்கள், அதே பதில். அன்று சனிக்கிழமை. விக்டோரியா தினத்தை ஒட்டிய நீண்ட வார இறுதி. அதே நாளில், பெயர் சொல்லாத ஒருவர் மாகாண அமைச்சகத்தின் அவசர எண்ணுக்கு அழைத்து, வால்கர்ட்டன் மாதிரிகள் தேறவில்லை என்றார். அவர் ஆணையத்தின் ஊழியரே என்பது பிறகு தெரிந்தது. அமைச்சகம் ஸ்டானைக் கேட்டபோது, புதுக் குழாய் போடும் வேலையிடத்து மாதிரிதான் தேறவில்லை என்று நினைக்கும்படி பேசித் தப்பித்தார்.

சுகாதார அலுவலகத்துக்கு முதலில் ஒரு குழப்பம் இருந்தது. இந்த ஈ.கோலை என்றாலே மாட்டிறைச்சி, ஹாம்பர்கர் என்றுதான் அன்று மருத்துவ உலகம் நினைக்கும். தண்ணீர் சரியாக இருக்கிறது என்று பொறுப்பானவரே சொல்லும்போது உணவைத்தானே தேடத் தோன்றும்? ஆனால் நோயாளிகள் எல்லா வயதிலும் இருந்தார்கள். அவர்களுக்குப் பொதுவாக இருந்தது ஊர்க் குழாய் ஒன்றுதான். மே 21 ஞாயிறு பிற்பகல் ஒன்றரை மணிக்கு, மேலாளரின் பேச்சை ஒதுக்கிவிட்டு, வட்டாரச் சுகாதார அதிகாரி மருத்துவர் மர்ரி மெக்வீக், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கும்படி அறிவித்தார். ஆனால் அறிவிப்பு உள்ளூர் வானொலிகளில் மட்டுமே போனது. வீடு வீடாகத் துண்டுச்சீட்டு கொடுக்கவில்லை, தொலைக்காட்சியில் சொல்லவில்லை. அன்று ஊரில் ஏறக்குறைய பாதிப்பேருக்குத்தான் சேதி எட்டியது.

மே 22-இல் முதல் மரணம். மே 23 காலை, சுகாதார அலுவலகம் தானே எடுத்தனுப்பிய மாதிரிகளின் முடிவு வந்தது. அதிலும் ஈ.கோலை. அன்றைக்குத்தான் 17-ஆம் தேதி ஃபேக்ஸ் பற்றி ஸ்டான் வாய் திறந்தார். அதற்குள் 7-ஆம் கிணற்றின் பதிவுத்தாளைத் திருத்தி எழுதும் வேலையும் நடந்திருந்தது, குளோரினேட்டர் இல்லாமல் ஓடியது தெரியக் கூடாதென்று.

ஓ157:எச்7 சாதாரண வயிற்றுப்போக்குக் கிருமி அல்ல. அது சுரக்கும் நச்சு இரத்தத்தில் கலந்து சிவப்பணுக்களை உடைக்கும், சிறுநீரகத்தை முடக்கும். சிறு குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும்தான் ஆபத்து அதிகம். வால்கர்ட்டனில் 65 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். 27 பேருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது, அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். பலரை ஹெலிகாப்டரில் ஏற்றி ஒன்டாரியோவின் லண்டன் நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்தவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த மருத்துவ ஆய்வு, குடல் எரிச்சல் நோயும் இரத்த அழுத்தமும் அவர்களிடம் கூடுதலாக இருப்பதைக் கண்டது.

லேப் ஏன் பேசவில்லை

ஈ.கோலையைக் கண்ட லேப் சுகாதார அதிகாரிக்கு ஒரு போன் செய்திருக்கலாமே என்ற கேள்வி எவருக்கும் வரும். செய்யவில்லை. செய்யச் சொல்லிச் சட்டமும் இல்லை.

1996 வரை ஊராட்சிகளின் தண்ணீரை மாகாண அரசின் லேப்களே சோதித்தன. கெட்ட முடிவு வந்தால் அமைச்சகத்துக்கும் சுகாதார அதிகாரிக்கும் உடனே சொல்வது அங்கே பழக்கம். செலவைக் குறைக்கிறோம் என்று வந்த மைக் ஹாரிஸின் மாகாண அரசு அந்த லேப்களை மூடியது. சோதனை தனியாருக்குப் போனது. சேதி சொல்லும் கடமை மட்டும் யாரிடமும் ஒப்படைக்கப்படவில்லை. இருந்தது ஒரு வழிகாட்டுக் குறிப்பு, சட்டம் அல்ல. புதிய லேப்புக்கு முடிவு என்பது பணம் கொடுத்த வாடிக்கையாளரின் சொத்து, வாடிக்கையாளரிடம் கொடுத்தால் வேலை முடிந்தது. 1997-இல் சுகாதார அமைச்சர் சுற்றுச்சூழல் அமைச்சருக்குக் கடிதம் எழுதி, இதைச் சட்டமாக்குங்கள் என்று கேட்டார். ஆக்கவில்லை. அதே ஆண்டுகளில் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பட்ஜெட்டில் 20 கோடி டாலருக்கு மேல் வெட்டு விழுந்தது, 750-க்கு மேற்பட்ட பணியிடங்கள் போயின. ஹாரிஸ் 2001-இல் விசாரணையில் நேரில் வந்து சாட்சி சொன்னார்.

சேதி சட்டப்படி சொல்லப்பட்டிருந்தால், கொதிக்க வைக்கும் அறிவிப்பு மே 19-க்குள் வந்திருக்கும், 300 முதல் 400 பேர் வரை நோயிலிருந்து தப்பியிருப்பார்கள் என்று ஓ'கானர் கணித்தார். இறந்தவர்கள் தப்பியிருப்பார்களா என்பதில் அவருக்கு அந்த நம்பிக்கை இல்லை. அவர்கள் அதற்கு முன்பே தண்ணீரைக் குடித்திருந்தார்கள். அதனால்தான் அறிக்கையின் கனம் முழுவதும் மே 17-க்கு முந்தைய நாட்கள் மேல் விழுகிறது.

அங்கே ஓ'கானர் ஒரு கருவியைச் சுட்டுகிறார். எஞ்சிய குளோரினையும் கலங்கலையும் நொடிக்கு நொடி தானாக அளந்து, அளவு விழுந்தால் மணி அடித்து, பம்பையே நிறுத்திவிடும் கருவி. 5-ஆம் கிணற்றில் அது இருந்திருந்தால் இந்தக் கொள்ளைநோயே வந்திருக்காது. மேல்நீர் இறங்கும் ஆபத்துள்ள கிணறுகளுக்கு இப்படித் தொடர் கண்காணிப்பு வேண்டும் என்று 1994-இல் அமைச்சகமே விதியைத் திருத்தியது. ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கிணறுகளில் எது அந்த வகை என்று திரும்பிப் பார்க்க யாரையும் நியமிக்கவில்லை. 5-ஆம் கிணறு அந்த வகைதான் என்பதற்கான சான்றுகள் 1978 முதல் அமைச்சகத்தின் சொந்தக் கோப்பிலேயே இருந்தன. ஆய்வாளர்களிடம் அந்தக் கோப்பைப் பார்க்கச் சொல்லவில்லை, அவர்களும் பார்க்கவில்லை. 1998 ஆய்வு, எஞ்சிய குளோரின் குறைவாக இருப்பதையும் தண்ணீரில் அடிக்கடி ஈ.கோலை வந்திருப்பதையும் கண்டது. ஸ்டான் சரிசெய்கிறேன் என்றார். கட்டாய உத்தரவும் போகவில்லை, மறு ஆய்வும் நடக்கவில்லை. ஆணைய உறுப்பினர்களும் அறிக்கையை வாங்கிப் படித்துவிட்டு அவர் வார்த்தையை நம்பினார்கள்.

கருவி இல்லாத நிலையிலும், மே 13-ஆம் தேதி கையால் ஒருமுறை அளந்திருந்தாலே சேதம் பெருமளவு குறைந்திருக்கும். தடுத்திருக்காது, குறைத்திருக்கும். ஓ'கானர் இந்த இரண்டையும் கவனமாகப் பிரித்து எழுதுகிறார். பழியைப் பங்கிடும்போது இந்த வித்தியாசம் பெரிது.

ஸ்டான் 1972-இல் அந்த வேலைக்கு வந்தவர், 1988-இல் மேலாளர் ஆனார். உரிமம் என்பது முறையாகப் படித்துத் தேர்வெழுதி வாங்கியதல்ல, ஏற்கெனவே வேலையில் இருந்தவர்களுக்கு அனுபவத்தைப் பார்த்துக் கொடுத்தது. ஈ.கோலை என்ன செய்யும் என்பதே தனக்குச் சரியாகத் தெரியாது என்ற அவர் சாட்சியத்தை நான் நம்புகிறேன். தெரிந்திருந்தால் அதே தண்ணீரைக் குடித்திருப்பாரா? ஆனால் ஃபேக்ஸ் கையில் இருந்தும் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று சொன்னதை அறியாமையில் சேர்க்க முடியாது. இரண்டு சகோதரர்களும் 2004 நவம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். டிசம்பரில் ஸ்டானுக்கு ஓராண்டு சிறை, ஃபிராங்குக்கு ஒன்பது மாதம் வீட்டுக்காவல். அமைச்சகத்திலோ அமைச்சரவையிலோ யாரும் சிறைக்குப் போகவில்லை.

பிறகு

குழாய்களைக் கழுவி, வீடு வீடாகக் கிருமி நீக்கி, கொதிக்க வைக்கும் அறிவிப்பை 2000 டிசம்பர் 5-இல்தான் விலக்கினார்கள். ஆறு மாதத்துக்கு மேல் ஒரு ஊர் பாட்டில் தண்ணீரில் பல் விளக்கியது. நிவாரணமாக அரசு 7 கோடி டாலருக்கு மேல் கொடுத்தது.

லேப்கள் கெட்ட முடிவை உடனே அறிவிப்பதைக் கட்டாயமாக்கும் ஒழுங்குவிதி அந்த ஆகஸ்டிலேயே வந்தது. மூன்றாண்டுகளாகக் கோப்பில் தூங்கியதை மூன்று மாதத்தில் செய்துவிட முடிந்தது. ஓ'கானர் 2002-இல் இரண்டு பாகமாகக் கொடுத்த அறிக்கையில் 121 பரிந்துரைகள். அந்த ஆண்டே பாதுகாப்பான குடிநீர்ச் சட்டமும், 2006-இல் நீர் ஊற்றுகளையும் அவற்றைச் சுற்றிய நிலத்தையும் காக்கும் தூய நீர்ச் சட்டமும் வந்தன. 1978-இல் அந்த நிபுணர் கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான்.

5-ஆம் கிணறு மூடப்பட்டுவிட்டது. தண்ணீர்த் தொழிலாளர்களுக்கான மாகாணப் பயிற்சி நிலையத்தை 2004-இல் தொடங்கியபோது அதை டொராண்டோவில் வைக்கவில்லை, வால்கர்ட்டனிலேயே வைத்தார்கள். ஒன்டாரியோவின் சின்னச் சின்ன ஊர்களில் பம்ப் இயக்குகிறவர்கள் இன்று அங்கே பயிற்சிக்கு வருகிறார்கள்.